தனி ஆள், ஒரே ஒரு டிக்கெட்

பிடித்த இசைக் குழுவை நேரில் பார்க்கக் கடல் தாண்டுகிறவர்களுக்குத் தில்லிதான் புறப்படும் வாசல். எப்போதாவது போய்ச் சேரும் இடமும் அதுவே. மெட்ரோ ரயிலில் ஒரே நாளில் சுற்றிவரக்கூடிய ஒரு ரசிகர் வரைபடம்.

பாட்டுக் கேட்கத் தில்லிக்கு ரயில் ஏறினேன் என்று எந்தத் தமிழரும் சொல்லிக் கேட்டதில்லை. தில்லிக்கு நாம் ஃபைலைத் துரத்திக்கொண்டு வருகிறோம். எய்ம்ஸ் வாசலில் காத்திருக்க வருகிறோம். சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கப் பழைய ராஜேந்திர நகரில் ஜன்னல் இல்லாத அறையை வாடகைக்கு எடுக்கிறோம். தமிழனுக்குத் தில்லி என்றால் மனு. பாட்டு என்றால் சென்னை, அதுவும் மார்கழி. டிசம்பர் பிறந்ததும் கரோல் பாக்கிலிருந்தும் ஆர்.கே. புரத்திலிருந்தும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறும் மாமாக்களைப் பார்க்கலாம். பையில் கம்பளிக் குல்லா, சட்டைப் பையில் சபா நிகழ்ச்சி நிரல், கூட யாரும் இல்லை. காலையில் ஒரு சபா, மாலையில் ஒரு சபா, நடுவில் கேன்டீன். ‘தனியாகவா போகிறீர்கள்?’ என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

அதே வீட்டுப் பெண் ஜெர்மனியிலோ சிங்கப்பூரிலோ நடக்கும் கச்சேரிக்குத் தனியாகப் போகிறேன் என்று சொல்லட்டும். வீடு இரண்டாகிவிடும். யாரோடு போகிறாய், எங்கே தங்குவாய், அப்படி என்ன பாட்டு அது, யூட்யூபில் கேட்டால் ஆகாதா? கேள்விகளுக்கு முடிவே இருக்காது.

இந்த இரண்டு பயணங்களுக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். மாமா எதற்காக மியூசிக் அகாதமிக்குப் போகிறாரோ, அதற்காகத்தான் மருமகள் பெர்லினுக்குப் போகிறாள். ஒலிநாடாவில் நூறு முறை கேட்ட குரல், தன் எதிரில், தன் காதுக்கு நேராக, ஒரே ஒரு முறை ஒலிப்பதைக் கேட்க. ஆனால் இரண்டாவது பயணத்துக்கு விசா வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும், வீட்டின் சம்மதமும் கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். இந்த நான்கும் கிடைத்ததும் கிடைக்காததுமான கதையைத் தில்லியின் சில இடங்களில் நின்று படிக்கலாம்.

முதல் நிறுத்தம்: வெள்ளைத் தூண்கள்

ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்திலிருந்து படியேறி மேலே வந்தால் கன்னாட் பிளேஸ். 1930-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டி முடித்த வட்ட வடிவக் கடைத்தெரு. வெள்ளைத் தூண்களின் நிழலில் செருப்பு, கைக்கடிகாரம், காபி, கடலை எல்லாம் கிடைக்கும். வெளிவட்டத்தில் ரிக்கி ராம் என்று ஒரு இசைக்கருவிக் கடை. பிரிவினைக்கு முன் லாகூரில் இருந்த கடை அது. பிரிவினைக்குப் பிறகு தில்லிக்கு வந்து சேர்ந்தது. சிதாரும் சரோடும் செய்து விற்பவர்கள்.

1966 ஜூலையில் பீட்டில்ஸ் குழுவினர் நால்வரும் தில்லியில் இறங்கினார்கள். பிலிப்பைன்ஸில் அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸின் அழைப்புக்குப் போகாததால் வந்த வம்பு. மணிலா விமான நிலையத்தில் தள்ளுமுள்ளுக்கு நடுவே தப்பித்து ஓடிவந்திருந்தார்கள். லண்டன் திரும்பும் வழியில் யாருக்கும் தெரியாத ஊரில் ஓய்வெடுக்கலாம் என்பது எண்ணம். ஆனால் நடு இரவிலும் விமான நிலையத்தில் ரசிகர் கூட்டம் கூடிவிட்டது. தெரியாத ஊர் என்று ஒன்று அவர்களுக்கு மிச்சம் இருக்கவில்லை. தில்லியில் அவர்கள் பாடவில்லை. இந்திய இசைக்கருவிகளை ரிக்கி ராமிடம் வாங்கினார்கள். ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஒரு நல்ல சிதார் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் பம்பாய்க்குத் திரும்பி வந்து ரவி சங்கரிடம் பாடம் கேட்டார்.

கடைச் சுவரில் அந்தத் தொடர்பின் படங்கள் மாட்டியிருக்கின்றன. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டவர்கள். சிதாரை வாங்க அல்ல, சிதார் வாங்கப்பட்ட இடத்தைப் பார்க்க வருகிறார்கள். கோயில் குளத்தைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த நாள் ரிஷிகேஷுக்குப் பஸ் பிடிக்கிறார்கள். 1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் தியானம் பழகப் போன ஆசிரமம் அங்கே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இசைக்காகத் தேசம் கடக்கும் பழக்கத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததில் ஜார்ஜ் ஹாரிசனுக்குப் பங்கு உண்டு. அவர் இங்கே வந்தார். இங்கே இருந்த ரசிகனால் அங்கே போக முடியவில்லை. பாஸ்போர்ட் வைத்திருப்பதே அந்தஸ்தாக இருந்த காலம். வெளிநாடு போகிறவருக்கு அந்நியச் செலாவணியை அரசு அளந்து கொடுத்தது. கச்சேரி பார்க்க டாலர் கேட்டால் வங்கி அதிகாரி சிரித்திருப்பார். ஆகவே தில்லி இளைஞன் அகில இந்திய வானொலி 1969-ல் தொடங்கிய யுவவாணியைக் கேட்டான். பிற்பாடு பாலிகா பஜாரின் நிலத்தடிக் கடைகளில் காசெட் தேடினான். பாட்டு மட்டும் வந்தது. பாடியவர் வரவில்லை.

இரண்டாவது நிறுத்தம்: ஒரு செப்டம்பர் இரவு

வயலட் வழித்தட மெட்ரோவில் ஏறினால் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு அதே பெயரில் ஒரு நிலையம். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய மைதானம். 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுக்கூரை போட்டார்கள். மெட்ரோவும் அந்த ஆண்டுதான் இங்கே வந்தது.

1988 செப்டம்பர் 30 அன்று இந்த மைதானத்தில் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் பாடினார். ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், ட்ரேசி சாப்மன், செனகல் நாட்டின் யூசு ந்தூர் ஆகியோரும் அதே மேடையில். உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 40-ம் ஆண்டை ஒட்டி ஆம்னஸ்டி இண்டர்நேஷனல் நடத்திய உலகச் சுற்றுப்பயணம் அது. லண்டனில் செப்டம்பர் 2 அன்று தொடங்கி, பியூனஸ் அயர்ஸில் அக்டோபர் 15 அன்று முடிந்தது. டோக்கியோவுக்கும் ஏதென்ஸுக்கும் நடுவே ஒரு இரவு தில்லிக்கு.

அந்த மாதத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பத்திரிகைகளைக் கட்டிப்போடும் என்று நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பிய அவதூறு மசோதாவை ராஜீவ் காந்தி அரசு கைவிட்டதும் அதே செப்டம்பரில்தான். அந்தச் சூடு ஆறுவதற்குள் தலைநகரின் அரசு மைதானத்தில், சிறையில் இருக்கும் மனச்சாட்சிக் கைதிகளைப் பற்றி மேடையில் பேசினார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தின் வழக்கப்படி, முடிவில் எல்லாப் பாடகர்களும் ஒன்றாக நின்று, உரிமைக்காக எழுந்து நில் என்ற பொருளுடைய பாப் மார்லியின் பாட்டைப் பாடினார்கள்.

இந்தியாவில் கேபிள் டிவி வராத காலம். தூர்தர்ஷனை விட்டால் வேறு கதியில்லை. உச்சத்தில் இருக்கும் ஒரு ராக் பாடகரை, அவர் ஓய்ந்த பிறகு அல்ல, உச்சத்தில் இருக்கும்போதே இந்திய ரசிகன் பார்த்தது அபூர்வம். அன்று அங்கே இருந்தவர்களுக்கு இன்று ஐம்பது அறுபது வயது. பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த இரவுக்கு வந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அலுப்பூட்டும் அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. ஸ்ப்ரிங்ஸ்டீன் மறுபடி இந்தியாவுக்கு வந்து பாடவில்லை. அவரது குழுவில் சாக்ஸபோன் வாசித்த கிளாரன்ஸ் கிளெமன்ஸ் 2011-ல் இறந்துபோனார். ஆர்கன் வாசித்த டேனி ஃபெடெரிசி அவருக்கும் முன்பே, 2008-ல். அந்தக் குழுவை அதே ஆட்களோடு இனி எந்த ஊருக்குப் போனாலும் பார்க்க முடியாது.

நேரில் பார்க்கப் போகிறவர்களின் அவசரம் இதில்தான் இருக்கிறது. தாஜ்மஹால் அடுத்த வருஷமும் இருக்கும். ஒரு குழு இருக்குமா என்று சொல்ல முடியாது. குரல் போகும், சண்டை வரும், சாவு வரும். செம்மங்குடியைக் கேட்டவர்களையும் கேட்காதவர்களையும் பிரிக்கும் கோட்டை நம் வீட்டுப் பெரியவர்கள் எப்படிப் போடுவார்கள் என்று தெரியும் அல்லவா? அதே கோடுதான் இது.

மைதானத்துக்கும் அதே விதி வரும் போலிருக்கிறது. 2024 அக்டோபரில் தில்ஜித் தோசாஞ்ஜ் தன் இந்தியச் சுற்றுப்பயணத்தை இங்கேதான் தொடங்கினார். இரண்டு இரவுகள். முடிந்த பிறகு ஓட்டப் பாதையில் கிடந்த குப்பையையும் பாட்டில்களையும் பயிற்சிக்கு வந்த தடகள வீரர்கள் படம் பிடித்து வெளியிட்டார்கள். விளையாட்டுக்குக் கட்டியதில் பாட்டுக் கச்சேரி, கச்சேரிக்கென்று கட்டிய பெரிய திறந்தவெளி அரங்கம் எதுவும் தலைநகரில் இல்லை. இப்போது இந்த மைதானத்தையே இடித்துவிட்டு விளையாட்டு நகரம் ஒன்று எழுப்பும் திட்டம் பற்றி 2025 நவம்பரில் செய்தி வந்தது. பார்க்க விரும்புகிறவர்கள் சீக்கிரம் பார்த்துவிடுவது நல்லது.

தெற்கே போகும் ரயில்

1991-ல் பொருளாதாரக் கதவு திறந்தது. ஸ்டார் டிவியோடு எம்டிவி வந்தது. 1993-ல் அலகாபாத்தில் தொடங்கிய ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் என்ற பத்திரிகை பிறகு தில்லிக்கு வந்து, இந்திய ராக் குழுக்களைத் திரட்டி விழா நடத்தியது. தில்லியிலேயே பரிக்ரமா, இந்தியன் ஓஷன் போன்ற குழுக்கள் வளர்ந்தன. ஆனால் வெளிநாட்டுக் குழுக்கள் பம்பாய்க்கும் பெங்களூருக்கும்தான் அதிகம் போயின. மைக்கேல் ஜாக்சன் 1996 நவம்பர் 1 அன்று மும்பை அந்தேரியில் ஆடினார். ரோலிங் ஸ்டோன்ஸ் 2003 ஏப்ரலில் பெங்களூர், பிறகு மும்பை. அயர்ன் மெய்டன் 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில்.

தில்லி ரசிகனுக்கு இது தெற்கு நோக்கிய யாத்திரை ஆயிற்று. கர்நாடகா எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாளுக்கும் மேலான பயணம், கறுப்புப் பனியனோடு. தமிழர் மார்கழிக்குத் தெற்கே போகிறார், பஞ்சாபிப் பையன் மெய்டனுக்குத் தெற்கே போகிறான். பெட்டி ஒன்றாகக்கூட இருக்கலாம். பெங்களூரில் மெய்டனுக்கு முன்னால் மேடையேறியது தில்லியின் பரிக்ரமா. அந்த அறிமுகத்தின் தொடர்ச்சியாக அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவில் அவர்கள் வாசித்தார்கள். ரசிகன் போக முடியாத இடத்துக்குக் குழு போய்விட்டது.

மூன்றாவது நிறுத்தம்: நடக்காத கச்சேரி

மஞ்சள் வழித்தடத்தில் தெற்கே போனால் ஹரியானா எல்லை தாண்டி குர்காவ்ன்; பெயர் 2016-ல் குருகிராம் ஆயிற்று. இஃப்கோ சௌக் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் லெஷர் வேலி பூங்கா. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள். மாலையில் நடைப்பயிற்சிக்காரர்கள், கிரிக்கெட் விளையாடும் பிள்ளைகள். இந்த இடத்தில் நடந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை.

2011 அக்டோபர் 28. இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் அந்த ஞாயிற்றுக்கிழமை கிரேட்டர் நொய்டாவில். அதை ஒட்டி மெட்டாலிகா முதல் முறையாக இந்தியாவில் வாசிப்பதாக ஏற்பாடு. பல ஊர்களிலிருந்தும் ரசிகர்கள் வந்து மைதானத்தில் காத்திருந்தார்கள். மேடைக்கு முன்னால் இருந்த தடுப்பு கூட்டத்தைத் தாங்காது என்று தெரிந்தது. கச்சேரி மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்படுவதாக அறிவித்தார்கள். பிறகு மறுநாளும் இல்லை, ரத்து என்றார்கள். பொறுமை இழந்த கூட்டம் மேடையில் ஏறிக் கருவிகளை நொறுக்கியது. ஏற்பாட்டாளர்கள் தரப்பில் சிலரைப் போலீஸ் கைது செய்தது. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று பெங்களூரில் அதே குழு வாசித்தது. அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது.

உள்ளூர்க்காரருக்கு அன்று ஒரு மாலை வீண். வெளியூரிலிருந்து தனியாக வந்தவரின் கணக்கு வேறு. ரயில் கட்டணம், விடுதி, ஆபீஸில் பொய் சொல்லி வாங்கிய லீவு. திரும்பக் கேட்டால் கிடைப்பது டிக்கெட் பணம் மட்டும்தான். கூட நண்பர்கள் இருந்தால் திட்டித் தீர்க்கவாவது ஆள் உண்டு. தனியாக வந்தவர் இரவு ரயில் நிலையத்தில் யாரிடம் பேசுவது?

கச்சேரி ரத்தாவது தில்லியின் தனிச்சொத்து அல்ல. 2024 ஆகஸ்டில் வியன்னாவில் டெய்லர் ஸ்விஃப்டின் மூன்று நிகழ்ச்சிகளும் பயங்கரவாதச் சதி ஒன்று வெளிப்பட்டதால் நின்றுபோயின. பல நாடுகளிலிருந்து வந்திருந்த ரசிகர்கள் தெருவில் கூடி, மணிகள் கோத்த கைவளைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, தாங்களே பாடித் தீர்த்தார்கள். தனியாக வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிட முடிந்தது. குர்காவ்னில் உடைத்தவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வியன்னாவில் காரணத்தைச் சொல்லி, முன்கூட்டியே சொன்னார்கள். குர்காவ்னில் ஆயிரக்கணக்கானவர்களை மைதானத்துக்குள் மணிக்கணக்காக நிற்கவைத்துவிட்டுச் சொன்னார்கள். ரசிகனைக் கூட்டமாக மட்டும் பார்க்கும் ஊரில் அவன் கூட்டமாகத்தான் நடந்துகொள்வான்.

அந்த ரத்துக்கு இரண்டு வாரம் கழித்து, 2011 நவம்பர் 11 அன்று ‘ராக்ஸ்டார்’ படம் வெளிவந்தது. தில்லிப் பையன் ஒருவன் ராக் பாடகனாகும் கதை. அசல் ராக் குழு மேடையேறாத ஊருக்கு, சினிமாவில் ஒரு ராக் பாடகனைத் தந்தவர் நம் சென்னைக்காரர் ஏ.ஆர். ரஹ்மான்.

நான்காவது நிறுத்தம்: விரல் ரேகை

மறுபடி கன்னாட் பிளேஸ் பக்கம். விமான நிலைய எக்ஸ்பிரஸ் ரயிலின் சிவாஜி ஸ்டேடியம் நிலையத்தில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் விசா மனுக்களை வாங்கும் மையம் இருக்கிறது. பிளாஸ்டிக் உறைகளில் வங்கிக் கணக்கும் வருமான வரிச் சான்றும் அடுக்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் மாணவர்கள், தேன்நிலவுத் தம்பதிகள், மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள். அவர்களுக்கு நடுவே, போகும் நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசிக்கும் தனி ரசிகர்களும் உண்டு. சுற்றுலா என்று எழுதுவார்கள். பொய் இல்லை.

விதிகளைத் தெரிந்துகொள்வது பயன்படும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பே மனுச் செய்ய முடியாது. பெரிய குழுக்களின் டிக்கெட்டோ எட்டு, பத்து மாதம் முன்னால் சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்துவிடும். ஆகவே விசா கிடைக்குமா என்று தெரியாமலே டிக்கெட் வாங்கியாக வேண்டும். சூதாட்டத்தின் முதல் சுற்று இது. 2024 ஜூனிலிருந்து விசாக் கட்டணம் 90 யூரோ, சுமார் 9,000 ரூபாய். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். முதல் முறை மனுச் செய்பவர் நேரில் வந்து பத்து விரல் ரேகையும் பதிய வேண்டும். இங்கிலாந்துக்கு இந்த விசா செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியருக்கு, இரண்டு ஆண்டு செல்லும், பல முறை போய்வரக்கூடிய விசா தரலாம் என்ற சலுகை 2024 ஏப்ரலில் வந்தது. ஒழுங்கான ரசிகனுக்கு அதுவே பத்ம விருது.

டாலர் இப்போது பிரச்சினை இல்லை. 2004-ல் ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதித்தது. வரம்பு ஏறி ஏறி இன்று 2,50,000 டாலர். 1988-ல் மைதானத்துக்கு வெளியே நின்றவன் கனவில்கூடக் காணாத தொகை. பிரச்சினை ரூபாய்தான். மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு ஐரோப்பாவில் இரண்டு மணி நேரப் பாட்டு என்பது ஒரு வருஷச் சேமிப்பு.

அதனால்தான் பலரும் கிழக்கேயும் மேற்கேயும் கிட்டத்தில் பார்க்கிறார்கள். 2024 ஜனவரியில் கோல்ட்ப்ளே சிங்கப்பூரில் ஆறு இரவுகள். அதே ஆண்டு மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்டும் சிங்கப்பூரில் ஆறு இரவுகள். அந்தச் சுற்றில் இந்தியாவே இல்லை. 2025 ஜனவரியில் அபு தாபியில் கோல்ட்ப்ளே. அங்கெல்லாம் மைதானத்தில் இந்தி கேட்டது, தமிழும் கேட்டது. பிறகு கோல்ட்ப்ளே மும்பைக்கும் ஆமதாபாதுக்கும் வந்தது. கூட்டத்துக்காக மேற்கு ரயில்வே சிறப்பு ரயில் விட்டது. கள்ள மார்க்கெட்டில் டிக்கெட் விற்றவர்களைத் தேடி அமலாக்கத் துறை 2024 அக்டோபரில் தில்லி உட்பட ஐந்து நகரங்களில் சோதனை போட்டது. உள்ளூரில் கள்ள டிக்கெட் வாங்கும் காசில் அபு தாபிக்கே போய்வரலாம் என்று கணக்குப் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள்.

தமிழர்களுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. 2025 மார்ச் 8 அன்று இளையராஜா தன் ‘வேலியன்ட்’ சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றினார். அந்த மாலை லண்டனில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளும் பெருமை, 1988-ல் தில்லி மைதானத்தில் இருந்தவர்களின் பெருமைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

தனியாகவா?

வீட்டின் கேள்விக்கு வருவோம். ஏன் தனியாக?

பெரும்பாலும் வேறு வழியில்லாததால். ஒரு நார்வே குழுவையோ ஜப்பான் குழுவையோ உயிராக நினைக்கும் ஒருவருக்கு, அதே ரசனையும் அதே சமயத்தில் லீவும் பணமும் விசாவும் உள்ள நண்பர் கிடைப்பது ஜாதகப் பொருத்தத்தைவிடக் கடினம். காத்திருந்தால் குழு கலைந்துவிடும். ஆகவே கிளம்பிவிடுகிறார்கள். போன பிறகுதான் தனிமையின் லாபம் தெரிகிறது. கூட வந்தவருக்குக் கால் வலிக்கிறதா, பாட்டுப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. முன்வரிசைக்கு நகர ஒரு ஆளுக்கு இடம் போதும். அழுகை வந்தால் அழலாம், தெரிந்தவர் யாரும் இல்லை.

நஷ்டமும் உண்டு. வரிசையில் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நிற்பது. போனில் சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட்டும் வரைபடமும் விடுதி விலாசமும் ஒன்றாகப் போய்விடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, கச்சேரி முடிந்த பிறகு வரும் அந்த ஒரு மணி நேரம். உலகத்தில் எந்த ஊரிலும் தனியாகப் போகும் பெண்ணுக்குக் கச்சேரி முடிவதில்லை, அறைக் கதவைத் தாழிடும்போதுதான் முடிகிறது.

இந்த விஷயத்தில் தில்லியின் பெயர் கெட்டது. கெட்டதற்குக் காரணமும் உண்டு. 2012 டிசம்பர் 16 அன்று சாக்கேத்தில் சினிமா பார்த்துவிட்டு நண்பரோடு வீடு திரும்பிய இளம்பெண், இரவு ஒன்பதரை மணி வாக்கில் முனிர்காவில் ஒரு பஸ்ஸில் ஏறினார். பிறகு நடந்ததை நாடு மறக்கவில்லை. நான்கு நாள் முன்புதான் குர்காவ்னில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் கச்சேரி நடந்து முடிந்திருந்தது. அதற்குப் போய்விட்டுத் திரும்பிய எத்தனையோ பெண்களின் வீட்டில், அந்த வாரத்துக்குப் பிறகு இரவு நிகழ்ச்சி என்ற பேச்சே எடுக்க முடியாமல் போயிற்று. சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆனால் ஒரு ஊரின் பயம் சட்டப் புத்தகத்தோடு இறங்கிவிடுவதில்லை.

இன்று வெளியூரிலிருந்து தில்லிக்குக் கச்சேரி பார்க்கத் தனியாக வரும் பெண்ணுக்குச் சொல்லக்கூடியது இது. மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். 2010 அக்டோபரிலிருந்து நடைமுறை. கடைசி ரயில் சுமார் 11 மணி வரை. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. ராக் ரசிகர்கள் இந்த விதியைச் சபிக்காத நாள் இல்லை. ஆனால் பத்து மணிக்கு மேடை அடங்குவதால்தான் கடைசி ரயிலைப் பிடிக்க முடிகிறது. முணுமுணுத்துக்கொண்டே நன்றி சொல்ல வேண்டிய விதி. தங்கும் விடுதி மைதானத்துக்கு அருகில் இருப்பதைவிட மெட்ரோ நிலையத்துக்கு அருகில் இருப்பது முக்கியம். கடைசிப் பாட்டுக்கு ஒரு பாட்டு முன்னால் வாசலுக்கு நகர்ந்துவிடுவது விவேகம், மனசு கேட்டால்.

கடைசி நிறுத்தம்: வியாழக்கிழமை

நேரு ஸ்டேடியத்திலிருந்து ஆட்டோவில் சிறிது தூரம் போனால் ஹஸ்ரத் நிஜாமுதீன் தர்கா. பூக்கடைகளும் கபாப் கடைகளும் நெருக்கும் சந்துக்குள் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவும், அவரது சீடரும் கவிஞருமான அமீர் குஸ்ரோவும் ஒரே ஆண்டில், 1325-ல் மறைந்தவர்கள். இருவர் கல்லறையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில். வியாழக்கிழமை மாலை முற்றத்தில் கவ்வாலி. ஆர்மோனியம், டோலக், கைத்தட்டல். தலைமுறை தலைமுறையாக இதையே பாடிவரும் குடும்பங்கள். டிக்கெட் இல்லை, தடுப்பு இல்லை, ரத்து ஆவதும் இல்லை. பெண்கள் கல்லறை அறைக்குள் போக முடியாது. முற்றத்தில் உட்கார்ந்து கேட்கலாம். தலையை மூடிக்கொள்ள ஒரு துணி போதும். ‘ராக்ஸ்டார்’ படத்தில் ரஹ்மான் இசையமைத்த கவ்வாலியைப் படமாக்கியதும் இங்கேதான்.

முற்றத்தில் பளிங்குத் தரையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். குடும்பமாக வந்தவர்கள் பிரார்த்தனைக்கு வந்தவர்கள். ஓரத்தில், முதுகுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மொழி புரியாமல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும் வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் தனியாக வந்தவர்கள். பிரான்ஸிலோ ஜப்பானிலோ இசைத்தட்டில் கேட்டதை, அது பிறந்த இடத்தில் கேட்க வந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் யாரோ ‘இந்தியாவுக்கா? தனியாகவா?’ என்று கேட்டிருப்பார்கள்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. 2016-ல் தில்லியில் பிறந்த ப்ளடிவுட் என்ற குழு, டோலும் பஞ்சாபி வரிகளும் கலந்த ஹெவி மெட்டலை 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் விழாவிலும் 2022-ல் ஜப்பானின் ஃபூஜி ராக் விழாவிலும் வாசித்தது. அவர்களைப் பார்க்க அந்த நாடுகளில் எத்தனை பேர் தனியாக ரயில் ஏறியிருப்பார்கள்! பாட்டுக் கேட்கத் தில்லிக்கு யாரும் வருவதில்லை என்பது நம் எண்ணம்தான். தில்லியின் பாட்டைக் கேட்க உலகம் டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கிறது.

மார்கழிக்குச் சென்னை போகும் மாமாவிடம், வீட்டுப் பெண் பெர்லின் போவதைப் பற்றிக் கருத்துக் கேட்டால் முதலில் மறுப்பார். பிறகு, தன் இளவயதில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு நாகஸ்வரக் கச்சேரிக்கு வீட்டில் சொல்லாமல் எத்தனை மைல் நடந்தார் என்று தொடங்குவார். அவரைப் பேசவிட்டுக் கேட்பது நல்லது. முடிக்கும்போது காப்பீடு எடுத்தாயா என்று கேட்பார். சம்மதம் என்பதற்கு அவர் பாஷை அது.